கரடிக்கும் கால் நடுங்குமா

சேசு மரி சூசை துணை

தூத்துக்குடி
9-8-1975

அன்பு மகள் கிளாடிஸுக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. அந்தக் குளிர் தேசத்தில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, தலைக்குத் துணி கட்டிக்கொண்டு, உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்று பனிமய மாதாவை மன்றாடிக்கொண்டிருக்கிறேன். இங்கே எல்லாரும் நலம் என்று அடுத்த வரி எழுத வேண்டும், ஆனால் எழுத வரவில்லை மகளே. அப்பா இன்னும் கட்டிலைவிட்டு எழும்பவில்லை. மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள், இனிப் பயமில்லை என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன், அப்போது நான் அப்படித்தான் நம்பினேன். சங்கு குளிக்கப் போன இடத்தில் வள்ளத்துக்குள் வழுக்கி விழுந்து ஒடிந்த தொடை எலும்பு கூடிவிட்டது, பெரிய டாக்டர் எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பிடித்து எனக்கும் காட்டினார். எலும்பு இருக்கிறது, அதைச் சுற்றி இருந்த சதையைத்தான் காணோம். கடலடியில் தரையை உதைத்து மேலே வந்த கால் இதுதான் என்று சொன்னால் நீ நம்பமாட்டாய், முருங்கைக் கம்பு மாதிரி கிடக்கிறது. முதல் நாள் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதேன்.

இதற்கெல்லாம் காரணம் உன் கரடிதான் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. கட்டுப் போட்டு வீட்டுக்கு வந்த புதிதில் உன் கடிதத்தை நான்தான் அவருக்கு வாசித்துக் காட்டினேன். பனிக்காலம் முழுக்கக் கரடி குகைக்குள் சோறு தண்ணீர் இல்லாமல் படுத்துக் கிடக்கும், மூத்திரமாகப் போக வேண்டியதைக்கூட உடம்பு வெளியே விடாமல் திரும்பச் சதைக்கே கொடுத்துக்கொள்ளும், வெயில் வந்ததும் எழும்பி நடந்து போகும் என்று எழுதியிருந்தாய். மனுஷன் அப்படிப் படுத்தால் காலும் கையும் சூம்பிப் போகும், கரடிக்கு மட்டும் ஏன் போகவில்லை என்றுதான் நாங்கள் தேடுகிறோம் என்றும் எழுதியிருந்தாய். நான் ஒரு வரி விடாமல்தான் வாசித்தேன். அவர் காதில் முதல் பாதி மட்டும் ஏறியது. அவருக்குத் தெரிந்த வித்தையும் அதற்கு ஒத்துப்போய்விட்டது. தண்ணீருக்கு அடியில் காலையும் கையையும் உதறுகிறவனுக்கு மூச்சு சீக்கிரம் தீர்ந்துவிடும், அசைவைக் குறைப்பவன்தான் கூடக் கொஞ்ச நேரம் நிற்பான் என்று இளவட்டங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அல்லவா. அந்தக் கணக்கையே கட்டிலிலும் போட்டுவிட்டார். பலத்தைச் சேர்த்து வைக்கிறாராம். சன்னலைச் சாத்தச் சொன்னார், பேச்சைக் குறைத்தார், சோற்றைக்கூட நான்தான் ஊட்ட வேண்டும். மக காலேஜ்ல கரடியப் பத்திப் படிச்சு எழுதுதா, நீ என்னத்தக் கண்ட என்று என்னிடம் கேலி வேறு. கட்டு இருந்தபோது நானும் சும்மா விட்டேன், அசையக் கூடாது என்றுதானே ஆஸ்பத்திரியிலும் சொல்லியிருந்தார்கள்.

கட்டைப் பிரித்த பிறகும் அப்படியே கிடந்தால் என்ன செய்ய? நாசரேத்துக்காரப் பெண் ஒருத்தி, இன்பமணி என்று பெயர், ஆஸ்பத்திரியில் கைகால் பயிற்சி சொல்லிக்கொடுக்கிறவள், இரக்கப்பட்டு வீட்டுக்கே வந்து போகிறாள். காலைத் தூக்குங்கள் ஐயா, மடக்குங்கள் ஐயா என்று கெஞ்சுகிறாள், இவர் கண்ணை மூடிக்கொள்கிறார். வாசலில் வைத்து அவள் என்னிடம் மறைக்காமல் சொல்லிவிட்டாள், இந்த மாதத்துக்குள் காலில் ஊன்றி நிற்காவிட்டால் முட்டு இறுகிவிடும், பிறகு ஆயுசுக்கும் கட்டில்தான் அம்மா என்று. திருவிழா அன்று மாதா சப்பரம் நம் தெருவில் வந்து நின்றது, தலையைத் தூக்கிப் பார்க்கவாவது செய்வார் என்று நினைத்தேன், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். பனியையே காணாத ஊரில் பனிமாதாவுக்குக் கோயில் கட்டிக் கும்பிடுகிறோம், என் மகள் அந்தப் பனிக்குள்ளேயே கிடக்கிறாள், அதற்காகவாவது இரங்கு தாயே என்று தெருவில் நின்று சத்தமாகவே அழுதுவிட்டேன். வெட்கமாகக்கூட இல்லை.

நேற்றுக் காலை உன் ரோச் மாமா வந்தான். உனக்குத் தெரியும், குளிக்கிறவனுக்குக் கயிறு பிடிக்கப் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன்தான் இருக்க வேண்டும், அக்காள் தாலிக்காக அவன் கை சோராது என்பது நம் வழக்கம். அத்தனை வருஷமும் அப்பாவுக்குக் கயிறு பிடித்து, அடியிலிருந்து அவர் அதை அசைத்ததும் மேலே இழுத்த கை அவனுடையதுதான். வந்தவன் கொண்டுவந்த கயிற்றை உத்திரத்தில் போட்டான், ஒரு முனையை அவர் இடுப்பில் கட்டினான், என்னை அக்குளில் தாங்கச் சொல்லிவிட்டு இழுத்தான். அப்பா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்துவிட்டார்கள். “நான் கயித்த அசைக்கலியே, எதுக்குலே இழுத்த?” என்று கேட்டார். “அசைக்காதவனத்தான் மொதல்ல இழுக்கணும் மச்சான்” என்றான் உன் மாமா. அவன் கண்ணில் தண்ணீர் ஓடியது, கயிற்றை மட்டும் விடவில்லை. ஒரு அருள்நிறைந்த மந்திரம் சொல்லி முடிக்கும் நேரம் அப்பா நின்றார் மகளே. இரண்டு காலும் வெடவெடவென்று நடுங்கின. அந்த நடுக்கத்தை அவரே குனிந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. இறக்கிவிடச் சொல்லிப் படுத்தவர் அதன் பிறகு யாரிடமும் பேசவில்லை, இன்று மாமா மறுபடி வந்தபோது போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டார். இருந்த பலமும் அந்த நடுக்கத்தோடு போய்விட்டது என்று நினைக்கிறார் போலிருக்கிறது. கட்டாயப்படுத்தி இழுக்க எனக்கும் மனசு நடுங்குகிறது, விட்டுவிட்டால் அவர் போய்விடுவார் என்றும் பயமாக இருக்கிறது.

மாமா போன பிறகு போர்வைக்குள்ளிருந்து ஒரே ஒரு பேச்சு வந்தது. “ஏளா, கிளாடிஸ்ட்ட எழுதிக் கேளு. கரடிக்கும் இப்பிடி நடுங்குமா?”

அதற்காகத்தான் இந்தக் கடிதம். கடிதம் உனக்கு வந்து சேரவே எத்தனை நாள் ஆகுமோ, நீ பதில் எழுதி அது வந்து சேர்வதற்குள் மாதம் முடிந்துவிடும். கையில் கிடைத்த அன்றே தந்தி அடி. ஆமாம் என்ற ஒரு சொல் போதும், அவருக்குப் புரியும். உன் பேராசிரியரைக் கேள், புத்தகத்தைப் பார், குகைக்குள் எட்டிப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் அவர்களையும் கேள். நடுங்கும் என்றால் மாதாவுக்குத் தோத்திரம். நடுங்காது என்றாலும் ஆமாம் என்றே அடி. அந்தப் பொய்யை நான் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்கிறேன், உன் கணக்கில் வராது.

குளிரில் வெறுங்காலோடு நடக்காதே. இரவு செபத்தை மறக்காதே. சேசுவும் மாதாவும் உன்னைக் காப்பார்களாக. உத்திரத்தில் போட்ட கயிற்றை மாமா கழற்றவில்லை, நானும் கழற்றச் சொல்லவில்லை.

உன் தந்திக்காக வாசலில் நிற்கும் அம்மா,
பிலோமினா