அஷ்டமியில் வந்த மிக்ஸி

வைகாசி 5, திங்கள்

காலையிலேயே வெயில் கொளுத்துகிறது. ஒன்பது மணிக்குக் கூரியர். வில்லியனூரிலிருந்து உறுவையாற்றுக்கு அந்தப் பிள்ளைக்குப் போனில் வழி சொல்லிச் சொல்லியே தொண்டை வறண்டுவிட்டது. நல்ல கனமான பெட்டி. மிக்ஸிதான். போனில், பழைய சாமான் விற்கிறவனுடைய இன்டர்நெட் பக்கத்தில் பார்த்து ஆர்டர் போட்டு இருபது நாள். அதே மாடல். அதே க்ரீம் கலர். முன்னால் அதே சிவப்புத் திருகு.

பிரிக்கவில்லை. காலண்டரில் அஷ்டமி.

இவர் கத்தியோடு வந்தார். "பார்சல் பிரிக்கறதுக்கெல்லாம் இன்னாத்துக்கு அஷ்டமி?"

கத்தியைப் பிடுங்கி வைத்தேன். ஞாயிறு எங்கள் பெண் திவ்யாவுக்கு வளைகாப்பு, நம் வீட்டிலேயே. அதற்காக வாங்கிய பொருள். நாளைக்கு நவமி. புதன் காலையில் பிரித்துக்கொள்ளலாம். பெட்டி இப்போது சாமி படத்துக்குக் கீழே.

வளைகாப்புக்கு எதற்குப் பழைய மிக்ஸி என்று இவரைத் தவிர யாருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது.

பாக்கி வேலை: பந்தல்காரரிடம் இன்னொரு தடவை சொல்ல வேண்டும். கண்ணாடி வளையல், பச்சையும் சிவப்பும். தைத்துக் கொடுக்க வேண்டிய பிளவுஸ் நாலு. திவ்யாவுடையது இன்னும் வெட்டவே இல்லை.

வைகாசி 6, செவ்வாய்

புழுக்கம். கரண்ட் இரண்டு தடவை போனது. கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பிளவுஸின் இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்து, பிரித்து, மறுபடி தைத்தேன்.

இங்கே எழுதினால் யார் படிக்கப் போகிறார்கள். எழுதிவிடுகிறேன்.

அம்மாவின் மிக்ஸி அக்கா வாங்கிக் கொடுத்தது. கல்யாணமாகி மாமாவோடு சூரத் போன புதிதில் வாங்கி, ரயிலில் இரண்டு நாள் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தாளாம். அம்மா போனபிறகு அது என்னிடம்தான் இருந்தது. தீபாவளிக்கு எக்ஸ்சேஞ்சில் போட்டுப் புதுசு எடுத்தேன். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மா திதிக்கு வந்தவள் சட்னி அரைக்கப் போய், "மிக்ஸி எங்கடி?" என்றாள். சொன்னேன். சாப்பிடாமல் போய்விட்டாள். இரண்டு வருஷம் ஆகிறது.

எனக்கும் கோபம். வாங்கிக் கொடுத்தவள் அவள் என்றால், கடைசி வரைக்கும் அம்மாவுக்கு அதில் கஞ்சி அரைத்துக் கொடுத்தவள் நான். அதை யாராவது சொல்கிறார்களா?

ஆனால் திவ்யாவுக்கு முதல் வளையல் பெரியம்மாதான் போட வேண்டும். சூரத்திலிருந்து திரும்பிய பிறகு அவர்கள் அரியாங்குப்பத்தில்தான்; இவர் அங்கே போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்துவிட்டு வந்தார். நான் போகவில்லை. "பாக்கலாம்" என்றாளாம்.

வந்தால், இந்த மிக்ஸியைக் காட்டி, அம்மாவுடையதுதான், கடைக்காரன் கிடங்கிலேயே கிடந்தது, கேட்டு வாங்கி வந்துவிட்டேன் என்று சொல்வதாக இருக்கிறேன். பொய்தான். நல்லதுக்குச் சொல்கிற பொய்.

வைகாசி 7, புதன்

ஐயோ.

ஒன்பதரைக்குப் பிரித்தோம். உள்ளே தெர்மாகோல் இல்லை, ஒன்றுமில்லை. செய்தித்தாள் நாலு, ஒரு கிழிந்த பெட்ஷீட். மேல்பாதி வெளியே வந்ததும் கை பரபரத்து, சந்தனம் குழைத்துக் குங்குமப் பொட்டு வைத்துவிட்டேன். அப்புறம்தான் தூக்கினேன். அடிப்பாகம் பெட்டியிலேயே தங்கிவிட்டது. மூன்று துண்டு. சிவப்புத் திருகு எங்கேயோ உருண்டு போனது. ஜார் வாய் நெளிந்து மூடி உட்காரவில்லை.

இவர் குனிந்து திருகைத் தேட ஆரம்பித்தார். அதுதான் எரிச்சல். நாலு திட்டுத் திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

போட்டோ எடுத்து விற்றவனுக்கு அனுப்பினேன். பதில் இங்கிலீஷில். நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். பிரிக்கும்போது எடுத்த வீடியோ வேண்டும். பொருளில் சிவப்புக் கறை, உபயோகித்திருக்கிறீர்கள். அந்த அளவு இங்கிலீஷ் எனக்கே புரிகிறது.

திங்கள் ஒன்பது மணிக்கு வந்தது. புதன் ஒன்பதரை. அரை மணி நேரம்! அந்தப் பொட்டைத் துடைக்கவும் மனசு வரவில்லை, பார்க்கவும் பிடிக்கவில்லை.

வைகாசி 8, வியாழன்

மிக்ஸியைப் பையில் போட்டு வில்லியனூர் ரிப்பேர் கடை. கடைக்காரர் ஒயரை நேராகக் கொடுத்துப் பார்த்தார். ஓடியது. சத்தம் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது.

"மோட்டார் நல்லாத்தான் கீதும்மா. அடி இல்லாம எப்படி நிக்கும்? இந்த மாடலுக்கு பாடி இங்க எங்க கெடைக்கும்? அவனாண்டயே கேளு."

அவன் பக்கத்தில் போட்டோவில் இரண்டு மிக்ஸி இருந்தது ஞாபகம் வந்தது. அந்த இன்னொன்றை அனுப்பட்டும். போன் போட்டேன். இந்தி. நான் தமிழில் கத்துகிறேன், அவன் இந்தியில் கத்துகிறான். நடுவில் வீடியோ, வீடியோ என்று மட்டும் புரிகிறது. கட் செய்தான். மறுபடி போட்டேன். நேற்றும் இன்றும் சேர்த்துப் பதினொரு தடவை. வாங்குவதற்குப் பாஷை வேண்டியிருக்கவில்லை. சண்டை போடத்தான் வேண்டியிருக்கிறது.

சாயங்காலம் இவர் கரும்புக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டே சொன்னார்: "நம்ம குடும்பத்துல இந்தி தெரிஞ்சது ஒரே ஆளுதான். சூரத்துல இருந்த ஆளு."

"தெரியும். வாய மூடுங்க."

வைகாசி 9, வெள்ளி

மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டு வந்தது. வரவில்லை. வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தேன். கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டே கத்தரிக்கோலைத் தேடினேன்.

பதினொன்றரைக்கு அக்காவுக்குப் போன் செய்தேன். மாமா எடுத்தார். "கலாவா?" என்றார். அப்புறம் அக்கா.

"இன்னா?"

சொல்லிவிட்டேன். பொய் சொல்வதற்காக வாங்கியது, அஷ்டமி, நவமி, பொட்டு, இந்திக்காரன், எல்லாவற்றையும் ஒரே மூச்சில்.

"அஷ்டமின்னு ரெண்டு நாள் பிரிக்காம வெச்சிருந்தியா?"

"ஆமாக்கா."

"லூசு. அவன் நம்பர குடு. நீயும் லைன்லயே இரு."

அவளே அவனையும் கூப்பிட்டு மூன்று பேரையும் சேர்த்தாள். முதலில் தணிந்துதான் பேசினாள். பிறகு குரல் ஏறியது. மிளகாய் விற்கிற சந்தையில்கூட அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை. அவன் பேச்சு திக்கியது. எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் வயிறு குளிர்ந்தது. என் அக்கா எனக்காகச் சண்டை போடுகிறாள்.

அவன் வைத்துவிட்டான்.

"இன்னொண்ணு வித்துப்பூட்டானாம். பழசு வாங்கனா அப்படித்தான் வருமாம். ஒண்ணும் பண்ண மாட்டான்டி. வாய்க்கு வந்தத குடுத்துட்டேன், அதோட சரி."

"போவுது வுடுக்கா."

"எத்தினி வாட்டி போன் பண்ணே அவனுக்கு?"

"பதினொண்ணு."

"எத்தினி நாள்ல?"

"ரெண்டு நாள்ல."

"மொகம் தெரியாதவன், பாஷ புரியாதவன். அவனுக்கு ரெண்டு நாள்ல பதினோரு வாட்டி. எனக்கு ரெண்டு வருஷத்துல எத்தினிடி?"

வைத்துவிட்டாள்.

ஞாயிறு வருவாயா என்று கேட்கவில்லை. மறக்கவில்லை. வாய் வரவில்லை.

வைகாசி 10, சனி

திவ்யாவை அழைத்து வந்தாயிற்று. கால் வீங்கியிருக்கிறது. பந்தல் போட்டாயிற்று.

இவர் நச்சரித்தார். "வண்டி எடுக்கறேன், வா, நேர்ல போயி ஒரு வார்த்த கூப்புட்டு வந்துடலாம்." புடவை மாற்றினேன். மறுபடி பழைய புடவையைக் கட்டிக்கொண்டேன். போகவில்லை. அவள் வாசலில் போய் நின்று எந்த முகத்தோடு பேசுவது.

வைகாசி 11, ஞாயிறு

நலங்கு ஒன்பதுக்கு ஆரம்பிக்க வேண்டியது. நான்தான் பூ வரவில்லை, விளக்குக்குத் திரி இல்லை என்று ஏதேதோ சொல்லி இழுத்தேன். சம்பந்தியம்மா இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். பத்து மணிக்கு மாமாவின் வண்டி.

முதல் வளையல் அக்காதான் போட்டாள். திவ்யா கன்னத்தில் சந்தனம் பூசி, நெற்றி வழித்துச் சொடக்கு முறித்தாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் உட்கார்ந்து சாப்பிட்டாள். எலுமிச்சை சாதம் இரண்டு தடவை.

கிளம்பும்போது நேராக அடுப்படிக்குள் போனாள். மூலையில் இருந்த உடைந்த மிக்ஸியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நம்புளுதுன்னு சொல்லலாம்னு இருந்தியா? நம்புளுதுக்கு ஒயரு கறுப்புடி. இது வெள்ள."

எனக்கு அது ஞாபகமே இல்லை. தினமும் தொட்டவள் நான்.

துண்டுகளையும் பொறுக்கிப் பையில் போட்டு எடுத்துப் போய் மாமாவின் வண்டியில் காலடியில் வைத்தாள்.

"எதுக்குக்கா? அது நிக்காதே."

"தெரியும்."

"அப்பறம்?"

"வேணும்னா வூட்டுக்கு வந்து வாங்கிக்கோ. அவர அனுப்பாத. நீ வா."

நாளைக்குப் பிளவுஸ் இரண்டு கொடுக்க வேண்டியது. செவ்வாய் கொடுத்துக்கொள்ளலாம். நாளை அரியாங்குப்பம்.