சிவப்புத் துணி கட்டிய கம்புகள்

நெப்ராஸ்கா,
1886 ஏப்ரல் 3

என் செல்ல மருமகள் லெட்டிக்கு,

தாய்மாமன் அமோஸ் எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். உன் அப்பாவுக்கு மட்டும் மூட்டுவலி. எனக்கு ஒன்றுமில்லை, போன வாரம்கூட ஒரு காளையைத் தூக்கி வேலிக்கு அந்தப் பக்கம் வைத்தேன்.

சேதி கேள். நம் புல்வெளிக்குத் தபால் நிலையம் வருகிறது! ஊருக்கு ஒரு பேர் வைத்து அனுப்பும்படி அரசாங்கமே என்னைக் கேட்டிருக்கிறது. ஊரைத்தான் கேட்டது, நானும் ஊரில்தானே இருக்கிறேன். கூட்டத்தில் 'அமோஸ்நகர்' என்றேன். கை தூக்கியது நான் ஒருவன்தான். மற்றவர்கள் எல்லாரும் 'டோர்கஸ் மரங்கள்' என்றார்கள். ஆமாம், உன் சித்தி பேர்தான். அவள் எழுந்து, "அந்தக் கம்புல கட்டுனது லெட்டியோட அம்மா துணி. அவ சரின்னா வைங்க. இல்லேன்னா இந்த அமோஸ் பேரையே வச்சுத் தொலைங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

சீக்கிரம் பதில் போடு.

உன் அமோஸ் மாமா

டக்கோட்டா,
ஏப்ரல் 19

அன்புள்ள மாமா,

அங்கே மரம் ஏது? நான் கல்யாணமாகிக் கிளம்பிய இலையுதிர் காலத்தில் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம்வரை சித்தி நட்ட வெறும் கம்புகள்தான் நின்றன. செத்துப்போன அம்மாவின் வாசம் மிச்சமிருந்தது அந்தச் சிவப்புப் போர்வையில் மட்டும்தான். அம்மா இடத்துக்கு வந்த சித்தி அதை என் கண்முன்னே கிழித்து அந்தக் கம்புகளில் கட்டினாள். ஏன் என்று கேட்டால், "வேற சிவப்பு இல்ல" என்றாள். அவள் பேச்சை எழுதாதீர்கள் என்று அன்றே சொன்னேன்.

உங்கள் பேரையே வையுங்கள்.

லெட்டி

நெப்ராஸ்கா,
மே 2

லெட்டிக் கண்ணு,

என் பேருக்குச் சம்மதம் என்று படித்ததும் கொட்டகையில் தனியாக ஆடினேன். அப்புறம் உட்கார்ந்துவிட்டேன். இதை எழுதாமல் இருக்க முடியாது.

நீ போன பிறகு வந்த குளிர்காலத்தில், பள்ளி விடும் நேரத்துக்குப் பனிப்புயல் வந்தது. நீட்டிய கை தெரியவில்லை. நான் யானை உயரப் பனியைப் பிளந்துகொண்டு பாதி தூரம் போனேன். சரி, வாசல்வரை போனேன். அதற்குள் உன் தம்பி நெட் மற்ற பிள்ளைகளை வரிசையாகக் கோர்த்துக்கொண்டு வந்து சேர்ந்தான். ஒரு சிவப்பைத் தொட்டபடி அடுத்த சிவப்பைத் தேடு என்று டோர்கஸ் அவனுக்குப் பழக்கி வைத்திருந்தாளாம். ஒரு பிள்ளைகூட வழிதவறவில்லை.

கம்பு நடும்போது, "பச்சைக் கம்பு மக்கிப்போகும், காய்ந்ததை நடு" என்று அவளுக்குப் பாடம் எடுத்தவன் நான். அடுத்த வசந்தத்தில் அத்தனையும் துளிர்த்தன! இன்று மேகத்தை இடிக்கின்றன. முதல் மரத்தின் பட்டை உன் அம்மா துணியை விழுங்கிவிட்டது, நுனி மட்டும் சிவப்பாகத் தெரிகிறது. டோர்கஸ் போகும்போதெல்லாம் அதைத் தொட்டுவிட்டுப் போகிறாள்.

இனி உன் இஷ்டம். அமோஸ்நகரும் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

மாமா

பெறுநர்:
திருமதி டோர்கஸ்,
டோர்கஸ் மரங்கள் தபால் நிலையம், நெப்ராஸ்கா

மே 16

சித்திக்கு,

இந்த முகவரிக்கு வரும் முதல் கடிதம் இதுவாக இருக்கட்டும். மாமா எழுதியதில் பாதியைத்தான் நம்பினேன். பாதியே போதும்.

இங்கே கண்ணுக்கு எட்டியவரை ஒரு மரம் கிடையாது. என் மகன் வரும் குளிர்காலத்தில் பள்ளிக்கூடம் போகப் போகிறான். பச்சைக் கம்புகள் வெட்டிக்கொண்டு வாருங்கள். யாரிடமும் கொடுத்தனுப்ப வேண்டாம், நீங்களே வர வேண்டும்.

துணி தேட வேண்டாம். என் கல்யாணப் பாவாடை சிவப்பு. கிழித்து வைத்துவிட்டேன்.

உங்கள் லெட்டி