தகரம் அடிக்காத தெரு

அன்பு மகள் கீர்த்தனாவுக்கு,

சின்னாளபட்டியிலிருந்து அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், அந்த ஊர்க் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சளி காய்ச்சல் அண்டாமல் இருந்தால் போதும். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, நிலக்கோட்டையில் உன் சித்தி வீட்டுக்குத் தனியாகவே பஸ்ஸில் போய் வருகிறாள். "ரிட்டயர் ஆக எட்டு மாசந்தான் இருக்கு, மேலதிகாரிகூட ஏம்ப்பா மல்லுக்கு நிக்கிறீங்க" என்று போனில் கோபப்பட்டாய். போனில் சொல்லித் தீருகிற விஷயம் இல்லை அது. அதனால்தான் எழுதுகிறேன், செத்த நேரம் ஒதுக்கி முழுசாகப் படி.

ஐப்பசி மழையில் நெசவாளர் தெருவில் தறிக்குழியெல்லாம் தண்ணீர் ஊறிக் கிடந்தது, எலித் தொல்லை வேறு. முதலில் ஒரு வீட்டில் காய்ச்சல். என்ன காய்ச்சல் என்று தெரியும் முன்பே வாசலில் நோட்டீஸ் ஒட்டு, தகரம் அடித்து மறி என்று மேலிருந்து உத்தரவு. வெள்ளைக்காரன் காலத்தில் பிளேக்குக்குக் கையாண்ட வழி அது. சுகாதார ஆய்வாளராக இத்தனை வருசம் கேள்வி கேட்காமல் செய்ததைப்போல அன்றும் நானே நின்று அடிக்க வைத்தேன். அதைப் பார்த்துப் பயந்துபோய், நாலு வீடு தள்ளி பொன்னழகு என்ற நெசவாளிக்கு வந்த காய்ச்சலை வீட்டார் மறைத்துவிட்டார்கள். ஐந்தாம் நாள் கண்ணெல்லாம் மஞ்சளித்து ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை. பரிசோதனையில் எலிக்காய்ச்சல் என்று வந்தது. எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் கால் வைத்தால் வருவதம்மா அது, அதைத் தகரம் எப்படி மறிக்கும்?

பரிசோதனை முடிவு வந்த மறுநாளும் பழைய உத்தரவுப்படியே தகரம் வந்தது, காய்ச்சல் என்று கேள்விப்பட்டு வேலுமணி என்பவர் வீட்டுக்கு. அவர் மனைவி அழகம்மாள் கதவை மறித்து நின்றுகொண்டு, "இங்க யாருக்கும் ஒண்ணுமில்ல சார், தகரம் அடிச்சீங்கன்னா நாங்க நெய்யிற சேலைய எவன் தொடுவான்" என்றார். உள்ளே முனகல் கேட்டது. தகரம் ஏற்றி வந்த வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு, "அடிக்க மாட்டேன் தாயி, அவர ஆஸ்பத்திரிக்கு மட்டும் அனுப்புங்க, நானும் கூட வாரேன்" என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். வெகுநேரம் கழித்து அழுதுகொண்டே வழிவிட்டார். வேலுமணி பிழைத்துக்கொண்டார். அதற்கப்புறம் அந்தத் தெருவில் காய்ச்சல் என்றால் அவர்களே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். குழிகளை இறைத்தோம், மாத்திரை கொடுத்தோம், வேறு சாவு இல்லை.

உத்தரவை மீறியதற்கு மெமோ வந்தது. நான் அந்த நடைமுறையையே மாற்றச் சொல்லி மனு எழுதினேன், தெருவே கையெழுத்துப் போட்டது, அதிகாரிகள் கூட்டத்தில் எழுந்து நின்று படித்தேன். எங்கள் வட்டாரத்தில் இனி நோட்டீஸும் தகரமும் கிடையாது என்று ஒப்புக்கொண்டார்கள். மற்ற இடங்களுக்கும் அது வர வேண்டும், அதுவரை விட மாட்டேன். மெமோவுக்கு ஒரு வரி மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் கோப்பை மூடிவிடலாம் என்கிறார்கள். எழுத மாட்டேன் கீர்த்தனா. நான் மன்னிப்புக் கேட்க வேண்டியது பொன்னழகு வீட்டில்தான். போன ஞாயிற்றுக்கிழமை போய் அவர் சம்சாரத்திடம் கேட்டேன். அந்த அம்மா உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே இருந்துவிட்டு வந்தேன்.

அம்மாவிடம் மெமோ பேச்சை எடுக்காதே. நான் செய்தது சரி என்றுதான் சொல்கிறாள், ஆனாலும் உள்ளுக்குள் மறுகுகிறாள். நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். பழனி முருகன் உங்கள் இருவருக்கும் நோய்நொடி இல்லாத நீண்ட ஆயுசைக் கொடுக்கட்டும்.

உன் அன்பு அப்பா,
உடையப்பன்