செருப்பு வந்தது, கால் எங்கே?

நங்கை,

இன்று காலை பக்கத்துத் தோட்டத்தில் ரிக் வண்டி வந்து ஆழ்துளைக் கிணற்றுக்குத் துளை போட ஆரம்பித்திருக்கிறது. ஈரக் கல்மாவு வாசனை சமையலறை வரைக்கும் வந்துவிட்டது. ஜன்னலைச் சாத்தியும் போகவில்லை. என் அண்ணன், உங்கள் வீட்டுக்காரர், வடக்கே ரிக் வேலைக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் அவர் தலைமுடியில் இந்த வாசனைதான் இருக்கும். நீங்கள் சீயக்காய் போட்டு இரண்டு தரம் தேய்த்துவிட்டாலும் போகாது. உள் அறையில் என் பேத்தி செல்போனில் உங்கள் பாட்டை ஓடவிட்டிருக்கிறாள். டிரம்மும் கிட்டாருமாக, அந்த ரிக் வண்டியே வீட்டுக்குள் புகுந்ததுபோல இருக்கிறது. இதற்கு ராக் பாட்டு என்று பெயராம்.

நான் கடலைக்காய் உரித்துக்கொண்டே முனகியதைப் பதிவு செய்துகொண்டு போய், கல்லூரியில் கூடப் படிக்கும் மூன்று பேரோடு சேர்ந்து இப்படி ஆக்கியிருக்கிறாள். அதை எல்லாரும் பார்க்கும்படி செல்போனில் போட்டு, கீழே ‘நாட்டுப்புறப் பாட்டு, எழுதியவர் தெரியாது’ என்று எழுதியிருந்தார்கள்.

“ஆருக்குடி தெரியாது?” என்றேன்.

“பழைய பாட்டுன்னா அப்படித்தான் போடுவாங்க அம்மாயி.”

“நாஞ் செத்த பொறவு அப்படிப் போட்டுக்க. இப்ப எங்க நங்கை பேரப் போடு.”

போட்டாள். ஆனால் பேரைப் போட்டவள், பாட்டு எப்படி வந்தது என்றும் கேட்டாள். எனக்கு எதுவும் மறக்காது என்று உங்களுக்குத் தெரியும். சொன்னேன்.

அண்ணனுடைய முதலாளி, அந்த ஆளுக்கு அப்போது ஒரே ஒரு ரிக் வண்டிதான். அதை அவனே ஓட்டிக்கொண்டு போவான், அண்ணன் துளை போடுவார். இன்றைக்கு எத்தனையோ வண்டி, கூடவே ஒரு கல்லூரி. ஊரே அவனை ஐயா என்கிறது. எனக்கு அவன் அவன்தான். ஒரு நாள் அண்ணன் இல்லாமல் தனியாக, நல்ல மத்தியான வெயிலில் வந்து நம் வாசலில் நின்றான். நீங்கள் மோர் கொடுத்தீர்கள்.

“வேல புடிக்கலீன்னு பாதி வழியில எறங்கிப் போயிட்டானுங்க. வந்துருவான். பையைக் குடுத்துட்டுப் போலாம்னு வந்தனுங்க.”

பையில் இரண்டு லுங்கி, துவைத்து மடித்த துண்டு. அடியில், செய்தித்தாளில் சுற்றி, அண்ணனுடைய செருப்பு. வார் அறுந்து, கம்பி வைத்துத் தைத்த செருப்பு. அவருக்கு வேறு செருப்பு கிடையாது.

“வெறுங்காலோடயா எறங்கிப் போனாரு?” என்று கேட்டீர்கள்.

“புதுசு வாங்கியிருப்பானுங்க” என்றான். மோரை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுப் போனான்.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகலாம் என்று நான்தான் முதலில் சொன்னேன். பெரியப்பா துள்ளிக் குதித்தார். “தாலியோட இருக்கறவ ஸ்டேசன்ல போயி, எம் புருசன் செத்துட்டானான்னு கேக்கறதா? நல்ல வார்த்தையே வராதா அம்மணி உன்ற வாயில?” அத்தனை பேரும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். பிணம் வராமல் ஒப்பாரி கிடையாது. தாலி இறங்காமல் கருமாதி கிடையாது. சாவு என்ற சொல்லே வீட்டில் எழக்கூடாது. அப்புறம் எப்படி யார் போய் யாரைக் கேட்பது? அந்த ஆளுக்கு எந்த வக்கீலும் இவ்வளவு நன்றாகக் காவல் நின்றிருக்க மாட்டான். பெரியப்பா வீட்டில் அதற்குப்பின் நான் பச்சைத் தண்ணீர் குடித்ததில்லை. அவர் சாவுக்கும் போகவில்லை.

ஜவ்வரிசி மில்லில் நாம் மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பாட்டு வந்தது. கத்தியைக் கல்லில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, யாரையும் பார்க்காமல் தொடங்கினீர்கள்.

செருப்பு வந்து சேந்துச்சு சாமி
காலெங்க வெச்சு வந்தீங்க
துண்டு வந்து சேந்துச்சு சாமி
தோளெங்க வெச்சு வந்தீங்க

சாவு என்ற சொல் அதில் இல்லை. யாரும் உங்களைக் குற்றம் சொல்ல முடியாது. முதல் நாள் பெண்கள் சிரித்தார்கள். “என்னக்கா, விடுகதையா?” என்றாள் ஒருத்தி. மறுநாள் யாரும் சிரிக்கவில்லை. நீங்கள் கத்தியைத் தட்டும்போது மற்றக் கத்திகளும் சேர்ந்து தட்டின. மேஸ்திரி வந்து, “வேற எதாச்சும் பாடுங்கக்கா. உரிக்காத கெழங்கு குமிஞ்சு கெடக்குது” என்றார். நீங்கள் வேறு எதுவும் பாடவில்லை.

பாட்டுக்கு ஒரு கடைசி அடி இருந்தது. அதன் முன்னால் வந்து ஒவ்வொரு தரமும் நின்றுவிடுவீர்கள். “அத நான் பாடுனா, நானே தாலியக் கழட்டி வெச்ச மாதிரி அம்மணி” என்று சொல்லி, என் காதில் மட்டும் அதைப் போட்டு வைத்தீர்கள். கடைசியில் பூவும் பொட்டுமாகத்தான் உங்களைப் பாடையில் அனுப்பினோம். அடி என்னிடம் தங்கிவிட்டது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பேத்தி செல்போனைக் கீழே வைத்தாள். பிறகு, “எங்க காலேஜ் ஐயாவா, அம்மாயி?” என்றாள். ஆமாம் என்றேன். “அந்தக் கடைசி அடியச் சொல்லு” என்றாள்.

என் மாப்பிள்ளைக்கு இது பிடிக்கவில்லை. அவரும் அந்த ஆளின் வண்டியில்தான் துளை போடப் போகிறார். “அத்தை, நம்ம சோத்துல நாமளே மண்ணள்ளிப் போட வேண்டாமுங்க” என்றார். மகளும் அவர் பக்கம்தான். பேத்திதான் அசையவில்லை. “நான் ஆரு பேரையும் சொல்லலையேப்பா. பாட்டுத்தான பாடறேன்?”

போன வாரம் கல்லூரி ஆண்டு விழா. நானும் போனேன். அந்த ஆள் முன்வரிசையில் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தான். டிரம் அடிக்கிற பையன், ரிக் வண்டி பாறையில் இறங்குகிற சத்தத்தை அப்படியே கொண்டுவந்தான். என் நெஞ்சுக்குள் அதிர்ந்தது. பிள்ளைகள் எல்லாம் நாற்காலி மேல் ஏறி நின்று, ‘காலெங்க வெச்சு வந்தீங்க’ என்று கத்திக்கொண்டு குதித்தார்கள். என்ன கேட்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. திடீரென்று வாத்தியங்கள் நின்றன. பேத்தி தனியாகப் பாடினாள்.

எந்த ஊருக் குழியில வெச்சீங்க
ஒரு புடி மண்ணு நான் போட

அந்த ஆள் மேடையைப் பார்க்கவில்லை, நங்கை. எழுந்து திரும்பி நின்று, பின்னால் இருக்கிற கூட்டத்தை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தான். என்னிடம் வந்ததும் நிறுத்தினான். சிரித்தான். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டான். அன்று முதல் அந்தக் கும்பிடு என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

சற்று முன் அவனுடைய மேனேஜர் மாப்பிள்ளைக்குப் போன் செய்தான். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன்.

“பொழுதோட வண்டி கெளம்புதுங்க. வடக்க, ரொம்பத் தூரம். உங்க மொறையில்ல, தெரியும். ஐயாவே உங்க பேரச் சொன்னாருங்க.”

“கூட ஆரு வாராங்க?”

“புது ஆளுங்க. உங்களுக்குப் பழக்கமில்லாதவங்க.”

மகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றது. மாப்பிள்ளை என்னைப் பார்க்கவில்லை, தன் மகளைப் பார்த்தார். அவளுக்கு உதடு வெளுத்திருந்தது. அவர் நிதானமாக, “இல்லீங்க. நான் வரலீங்க” என்றார். இத்தனை வருடத்தில் அவர் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை.

மேனேஜர் யாரிடமோ பேசுவது கேட்டது. திரும்ப வந்தான். “அப்ப ஐயாவே ஊட்டுக்கு வாராருங்களாம். உங்க மாமியாரப் பாக்கோணுமாம்.”

வரட்டும். மாப்பிள்ளையை வீட்டைவிட்டு நகரக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். அக்கம்பக்கத்துச் சனத்தை எல்லாம் வரச் சொல்லி ஆள் அனுப்பியாயிற்று. மகள், “அவரு வந்தா என்னம்மா பேசுவ?” என்று திரும்பத் திரும்பக் கேட்கிறாள். எனக்குப் பேச ஒன்றும் இல்லை. நீங்கள் என் காதில் போட்டு வைத்தது இருக்கிறது. பேத்தி அதைப் பாட்டாகப் பாடினாள். நான் அவன் முகத்தைப் பார்த்துக் கேட்கப்போகிறேன்.