தேத்தண்ணிக்கு எழும்பாத நாள்

சனிக்கிழமை, யூலை 12

இன்று என் மகள் தர்ஷி, மெல்பேர்ன் டண்டினொங் நூலகத்தில் எங்கள் தமிழ்ச் சனத்துக்கு ஒரு பழைய ஐரோப்பியப் படம் போட்டுக் காட்டினாள். இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் விரும்புகிற கறுப்பு வெள்ளைப் படம். தொடங்குமுன் மைக்கில் சொன்னாள்: "அந்தக் காலத்துப் படங்களில இப்பிடியான பெண்களை ஒளிச்சு வைப்பினம், இல்லாட்டி கடைசியில சாகடிப்பினம். இதில ரெண்டு பேரும் உயிரோட இருக்கினம். என்னைப் போல ஆக்களுக்கு அது பெரிய விசயம்."

வீட்டில் எனக்கு மட்டும் சொன்னதை எங்கள் சனத்துக்கு முன்னால் சொல்லிவிட்டாள்.

வீட்டில் படம் பார்க்கையில் முத்தம் வந்தால் நான் தேத்தண்ணி போட எழும்பிவிடுவேன். இருபது வருடப் பழக்கம். இன்று அந்தப் பெண்கள் முகத்தோடு முகம் நெருங்கியபோது தர்ஷி திரையைப் பார்க்கவில்லை; திரும்பி என்னைத்தான் பார்த்தாள். நான் அசையவில்லை. பக்கத்தில் ராணி அக்கா கைப்பையோடு எழும்பினா. அவவின் கோட்டு நுனியைப் பிடித்து இழுத்தேன்.

"இருங்கோ அக்கா. உங்கட மகளின்ர கலியாண வீடியோவை நான் மூண்டு மணித்தியாலம் எழும்பாமப் பார்த்தனான்."

அக்கா இருந்துவிட்டா.

காரில் தர்ஷி மெல்லக் கேட்டாள். "அம்மா, இண்டைக்கு நீங்கள் எழும்பேல்லையே?"

"முழங்கால் நோ, பிள்ளை."

சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்தாள்.

முழங்காலுக்கு ஒன்றுமில்லை. எட்டாம் வகுப்போடு நின்ற எனக்குப் படம் பாதி விளங்கவுமில்லை. மைக் பிடித்து நின்றது என் பிள்ளை என்பது நன்றாக விளங்கியது.

நாளைக்கு ராணி அக்கா இதைச் சொல்ல எல்லாருக்கும் போன் எடுப்பா. எடுக்கட்டும். பிள்ளை எவ்வளவு வடிவாகக் கதைத்தாள் என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லவேண்டும்.