மலர் கேட்டது

செவ்வாய், புத்தூர், திருச்சி

தூக்கம் வரவில்லை. இன்று திருச்சிக் கல்லூரி ஒன்றில் குடியேற்றம் பற்றிப் பேசினேன். தூதரக அதிகாரியாக எங்கும் பேசுவதுதான். எல்லை வேண்டும், யாரை உள்ளே விடுவதென்று முடிவு செய்ய ஒரு நாட்டுக்கு உரிமை உண்டு, வருகிறவர்கள் முறைப்படி வர வேண்டும்.

முடிந்ததும் மலர் வந்தாள். பத்து வயதில் இலங்கையிலிருந்து ஒரே படகில் வந்து, இங்கே அகதி முகாமில் ஒன்றாக வளர்ந்தோம். நான் வெளிநாடு போய் அந்த நாட்டுக்காரி ஆகி, இப்போது அதன் தூதரகத்தில் இங்கே வேலை பார்க்கிறேன். அவள் இன்னும் முகாமில்தான் இருக்கிறாள்.

அவள் மகளுக்கு எங்கள் நாட்டில் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. அகதி என்பதால் அவளுக்குப் பாஸ்போர்ட் இல்லை; அதைச் சொல்லி எங்கள் தூதரகமே விசா மறுத்துவிட்டது.

"சட்டப்படி சரிதான் மலர்," என்றேன்.

"சட்டம் எனக்கும் தெரியும்டி. நாம படகு ஏறினோமே, அது எந்த முறைப்படி? அதை மட்டும் சொல்லு."

பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று போய்விட்டாள்.

எல்லை வேண்டும் என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். அன்று எங்கள் படகைத் துரத்திய இலங்கைக் கடற்படை நடுக்கடலோடு திரும்பியது ஓர் எல்லை இருந்ததால்தான். ஆனால் அதே எல்லை எங்களுக்குத் திறந்தது.

சற்றுமுன் விசா பிரிவுக்கு மறுபரிசீலனை கேட்டு எழுதினேன். நானும் அகதியாக வந்தவள் என்று அலுவலகக் கடிதத்தில் முதல்முறையாக எழுதினேன். தோழிக்காகச் சலுகை கேட்டதாக என்மேல் விசாரணை வரலாம். அனுப்பிவிட்டேன்.

மலரிடம் சொல்லவில்லை. மறுபடியும் மறுத்துவிட்டால் அவள் மகளின் முகத்தை எப்படிப் பார்ப்பேன்?