டோ பாரில் வந்த மாப்பிள்ளை

மாப்ளே,

இன்று காலை போடிமெட்டு டீக்கடையில் நின்றிருந்தபோது, பழுதான ஜீப்பு ஒன்றை டோ பார் என்கிற இரும்புத் தண்டில் மாட்டிக் கீழே இழுத்துப் போனார்கள். பின்வண்டியில் ஸ்டேரிங் பிடித்திருந்தவன் முகத்தில் அப்படியொரு கலக்கம். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. டீ சட்டையில் கொட்டிவிட்டது. நீ இருந்திருந்தால் உனக்கும் கொட்டியிருக்கும்.

என் கல்யாணத்தன்று நானும் அப்படித்தானே உட்கார்ந்திருந்தேன். சிலமலையில் முகூர்த்தம். பாதி மலை இறங்குவதற்குள், நானே ஓட்டிவந்த என் ஜீப்பு கொண்டை ஊசி வளைவில் நின்றுவிட்டது. மேலும் கீழும் பஸ்சும் ஏலக்காய் லோடும் ஹாரன் அடித்தன. ஒதுக்கி நிறுத்த இடமில்லை. சொந்தக்காரர்களையெல்லாம் பின்னால் வந்த உன் ஜீப்பில் திணித்தோம். லாரிக்காரர் ஒருவர் கயிறு நீட்டினார்.

"கயிறு ஏத்தத்துக்குத்தேன் சரிண்ணே. எறக்கத்துல இவென் வந்து என் முதுகுல முட்டுவான்" என்றாய். உன் வண்டியிலிருந்து அந்த இரும்புத் தண்டை உருவினாய். இரண்டு வண்டிக்கும் நடுவே அதை மாட்டிவிட்டால், பின்வண்டி விலகவும் முடியாது, நெருங்கவும் முடியாது.

"நீ வளைச்சு மட்டும் குடு மாப்ளே. மத்த சோலி என்னுது."

பட்டு வேட்டி, நெற்றியில் சந்தனம், கையில் ஸ்டேரிங். அம்மா மட்டும் இறங்க மறுத்து என் பக்கத்திலேயே உட்கார்ந்து, வளைவுக்கு வளைவு ஒவ்வொரு சாமியாகக் கூப்பிட்டாள். நீ வெளியே கையை நீட்டி, மெதுவா மெதுவா என்று காட்டிக்கொண்டே போனாய். முந்தல் வந்து தரை மட்டமான பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

நேரம் தப்பவில்லை. ஆனாலும் மண்டப வாசலில் எங்களைப் பார்த்ததும் மாமனார் முகம் சுண்டிப்போனது. உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த கல்யாணப்பெண், "வரமாட்டேன்னாரா? கட்டி இழுத்தாந்திருக்கீக" என்றாள். முதலில் சிரித்தது மாமனார்தான். தாலி கட்டும்போதும் அவள் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

பந்தியில் நீ இலைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். எவ்வளவு கழுவியும் கிரீஸ் போகவில்லை. அம்மா வந்து சோற்றைப் பிசைந்து, "வாயத் தொற அப்பு" என்று உனக்கு ஊட்டினாள். பக்கத்தில் மாலையோடு இருந்த நானும் வாயைத் திறந்தேன். "நீ பொறுடா" என்று அடுத்த வாயையும் உனக்கே கொடுத்தாள்.

நீ கண்ணை மூடிய பிறகும் மழைக்காலங்கள் வந்துபோகின்றன. அன்றைக்கு உன்மேல் வந்த அந்தப் பொறாமை மட்டும் எனக்கு இன்னும் தீரவில்லை, மாப்ளே. தீர வேண்டாம் என்றே வைத்திருக்கிறேன்.